ஊர் நிதியமும் உதவி நாடும் சங்கங்களும்

கந்தளாயிலே மழை பெய்யும் மாதங்கள் சில. நீர் வேண்டும் மாதங்கள் பல. ஆதலால், வானம் ஒரே காலத்திற் கொட்டும் நீரைத் தேக்கி வைத்து, வேண்டிய காலத்தில், வேண்டிய வயலுக்கு, வேண்டிய அளவாக விடுவதற்கு முன்னோர் குளங் கண்டனர். குளத்திற்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. நீரைத் தாங்கும் கட்டு ஒன்று. நீரை அளந்து விடும் மதகு ஒன்று. விட்ட நீரை வயல் வரை கொண்டு சேர்க்கும் வாய்க்கால் ஒன்று. இவற்றுள் எது பழுதுபட்டாலும் குளத்தின் பயன் கெடும். கட்டுப் பழுதுபட்டால் பயன் கெடுவது மட்டுமன்று, உயிரும் போகும் என்பதை 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆந் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன துயரம் இவ்வூராருக்கு உணர்த்தியுள்ளது.

பொருளின் நிலையும் நீரின் நிலையை ஒத்ததே. கொடுக்கும் மனமுடையோர் எங்குமுளர். ஆனால் கொடை ஒரு நாளிற் பெருகி, மறுநாளில் வற்றிவிடுகின்றது. வெள்ளம் வந்தால் அரிசியும் துணியும் குவிகின்றன. வெள்ளம் வடிந்தபின் கிணற்றைத் துப்புரவாக்கவும், பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கவும் ஆளில்லை. இக்குறையை நீக்குதற்கு அமைந்த பொருட்குளமே சமூக நிதியம் என்பது. ஓர் ஊரையோ மாவட்டத்தையோ சேர்ந்த பலர் அளிக்கும் சிறிதும் பெரிதுமான கொடைகளை ஒன்றுசேர்த்து, முதலைப் பேணி, அதன் வருவாயையும் ஆண்டுதோறும் சேரும் கொடைகளையும் அப்பகுதியின் நற்பணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நிறுவனம் அது. நிதியத்தின் முதல் குளக்கட்டுக்குள் நிற்கும் நீர். அதன் நிர்வாக சபை மதகு. உதவி பெறும் ஊர்ச் சங்கங்களே வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் மதகு திறந்தும் பயனில்லை. ஆகவே, சங்கங்கள் தம்மை எவ்வாறு செம்மை செய்துகொண்டு நிதியத்தை அணுகுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இவ்வகை நிதியம் இக்காலத்து வடிவில் முதன்முதல் தோன்றியது அமெரிக்க நாட்டில் கிளீவ்லாந்து என்னும் நகரில், 1914ஆம் ஆண்டில். அதனை நிறுவியவர் பிரடெரிக் கோஃப் என்னும் வங்கியாளர். செல்வர் பலர் இறக்கும்போது எழுதிவைத்த மரணசாசனங்களை அவர் கண்டார். எழுதிய காலத்தில் அறமாயிருந்த நோக்கம் ஐம்பது ஆண்டுகளிற் பொருளற்றுப் போவதையும், பணம் மட்டும் பெட்டியிற் பூட்டிக் கிடப்பதையும் கண்டார். செயின்ற் லூயிஸ் நகரத்துச் செல்வரொருவர் மேற்றிசை நோக்கிக் குடிபெயரும் ஏழை வழிப்போக்கருக்கென எழுதிவைத்த பெருநிதி, அத்தகைய வழிப்போக்கர் அருகிய பின்னரும் கிடந்தமை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இறந்தவரின் கை இருப்பவரின் தேவையைத் தடுத்தல் ஆகாது என்று கருதிய கோஃப், பலருடைய கொடைகளை ஒரே நிதியமாக்கி, அவ்வக்காலத் தேவைக்கேற்ப அவற்றை வழங்கும் பொறுப்பை ஊரறிந்த சான்றோர் குழுவொன்றினிடம் ஒப்படைத்தார். இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சமூக நிதியங்கள் உள்ளன.

நம் அயலிலும் இம்முறை வேரூன்றியுள்ளது. 1990களின் தொடக்கத்திற் பம்பாய் நகரில் இத்தகைய பொதுநிதியம் ஒன்று உருவாயிற்று. நேபாளத்தில் 1990களின் நடுவில் ரீத்தா தாப்பா என்னும் அம்மையார் 'டேவா' என்னும் நிதியத்தைத் தொடங்கினார். டேவா என்பது நேபாள மொழியில் தாங்கல், துணை எனப் பொருள்படும். பிறநாட்டு உதவியையே நம்பியிராமல், நேபாள மக்கள் அளிக்கும் சிறு கொடைகளைத் திரட்டி, கிராமத்துப் பெண்கள் சங்கங்களுக்கு அது உதவி வருகின்றது. ஏழை நாடென்று சொல்லப்படும் நாட்டிலேயே இது கைகூடியமை சிந்திக்கத்தக்கது.

இக்கருத்துக் கந்தளாய்க்குப் புதியதோ எனின், அன்று. கந்தளாயை அடுத்த பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனமொன்று, முதலாம் விசயபாகு மன்னனின் 42ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நங்கைசானி என்னும் பிராமணப் பெண், இறந்த தன் கணவனின் நினைவாக, தென்கயிலாசமென்றும் விசயராச ஈசுவரமென்றும் வழங்கிய கந்தளாய்க் கோயிலுக்கு அளித்த கொடையை அது கூறுகின்றது. அக்கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் விடப்பட்டது. கொடுப்போர் ஒருவர், பயன்கொள்ளும் பணி ஒன்று, காப்போர் வேறொரு கூட்டத்தார் என்னும் இவ்வேற்பாட்டைக் கூர்ந்து நோக்குக. இன்றைய நிதியங்களின் அடிப்படையும் இதுவே. அதற்குப் பின்னர், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்ல மன்னன் கந்தளாயிலிருந்த பார்வதி சத்திரம் என்னும் அறச்சாலையில் தானம் வழங்கப்படுவதை நேரில் அமர்ந்து பார்த்தான் என்று சிங்களக் கல்லாசனச் சாசனமொன்று கூறுகின்றது. தமிழ் வணிகரின் மகமை, இல்லறத்தாரின் பிடியரிசி, முஸ்லிம் மக்களின் ஸகாத்தும் வக்பும், பௌத்த மக்களின் தானம் ஆகிய யாவும் இம்மண்ணிலே வழங்கும் கொடை முறைகளே. புதியது யாதெனின், இக்கொடையைச் சாதி சமய மொழி வேறுபாடின்றி ஊர் முழுவதற்கும் உரியதாக்கி, எழுத்து மூலம் வேண்டுகோள் பெற்று, எழுத்து மூலம் கணக்குக் காட்டும் ஒழுங்கே.

இவ்வொழுங்கு இன்று ஏன் முன்னையிலும் வேண்டற்பாலதாயிற்று? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின் திருகோணமலைக் கரையோரத்திற்குப் பிறநாட்டு உதவி பெருவாரியாக வந்தது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரும் சில காலம் வந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைந்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது. அவ்வாண்டின் நடுவில் அந்நாட்டின் சர்வதேச அபிவிருத்தி முகவரகமும் செயலற்றுப் போயிற்று. கடல் கடந்த ஒரு தலைநகரில் இட்ட கையெழுத்தினால் இங்குள்ள சங்கங்களின் பணி ஒரே கிழமையில் நிற்றல் கூடும் என்பதை யாவரும் கண்டனர். தொலைவிலிருந்து வரும் உதவி வெறுக்கத்தக்கதன்று. ஆனால் அதனை மாத்திரம் நம்பி நிற்றல் அறிவுடைமையாகாது. உள்நாட்டு நிதியங்களை அறிந்து அணுகும் ஆற்றல் ஒவ்வொரு சங்கத்திற்கும் வேண்டும்.

இலங்கையில் இவ்வகையோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க நிறுவனங்களுள் ஒன்று, நீலன் திருச்செல்வம் அவர்களின் பெயரால் அமைந்த அறக்கட்டளை. அரசியலமைப்புச் சட்ட அறிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமாயிருந்த அவர் 1999ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி கொழும்பிற் கொலையுண்டார். நீதி, சமத்துவம், சமாதானம் என்பவற்றுக்காக நாட்டின் பல பகுதிகளிலும் பணியாற்றும் உள்ளூர் அமைப்புகளுக்கு அவ்வறக்கட்டளை நிதியுதவி புரிகின்றது. இதுவன்றி, வணிகர் சங்கங்கள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாடுகளில் வாழும் ஊர்மக்களின் ஒன்றியங்கள் ஆகியனவும் சிறு அளவிற் சமூக நிதியங்களாகவே தொழிற்படுகின்றன. பெயர் எதுவாயினும், கேட்கும் முறை ஏறக்குறைய ஒன்றே.

உதவி கேட்க விரும்பும் சங்கம் முதலில் நோக்க வேண்டுவது தன்னையே. சங்கம் சட்டத்தின் கண்ணிற் புலப்படும் ஓர் உருவினதா? இந்நாட்டிற் பலவகைப் பதிவுகள் உள. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ்ப் பதிவு பெறுகின்றன. கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பதிவு பெறுகின்றன. சனசமூக நிலையங்கள் உள்ளூராட்சி மன்றத்தோடு தொடர்புடையன. சமூகசேவை புரியும் தொண்டர் அமைப்புகளுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பெரிய அமைப்புகள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, இலாபம் பங்கிடாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக அமைகின்றன. தம் சங்கத்திற்கு எது பொருந்தும் என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறிதல் நன்று. சிறு சங்கமொன்று பெருங்கம்பனியின் உடையை அணிய வேண்டியதில்லை. தன் அளவுக்கேற்ற பதிவு ஒன்று, காலாவதியாகாமல், கையில் இருந்தாற் போதும்.

பதிவுச் சான்றிதழ் வெளிக்கதவு. உள்வீடு ஒழுங்காயிருக்கின்றதா என்பது அடுத்த வினா. சங்கத்துக்கு எழுதிய யாப்பு உண்டா? ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடுகின்றதா? கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் தீர்மானங்கள் திகதியோடு எழுதப்படுகின்றனவா? சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு உண்டா? பணம் எடுப்பதற்கு இருவரது கையொப்பமேனும் வேண்டுமா? தலைவரும் தனாதிகாரியும் ஒரே வீட்டினராயிருத்தல் தவிர்க்கப்பட்டுள்ளதா? வரவும் செலவும் காசுப் புத்தகத்தில் நாள்தோறும் பதியப்பட்டு, பற்றுச்சீட்டுகள் இலக்கமிட்டு வைக்கப்படுகின்றனவா? கணக்கை ஆண்டுக்கொருமுறை வெளியாள் ஒருவர் ஆராய்ந்து கையொப்பமிடுகின்றாரா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடையிறுக்கக்கூடிய சங்கம் பாதி வழியைக் கடந்ததாகும். இல்லையென்று சொல்ல நேரிடுமாயின் மனந்தளர வேண்டியதில்லை. இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், எழுதத் தெரிந்த ஒருவரும், ஆறு மாதப் பழக்கமும் போதும்.

இரண்டாவதாக, எந்த நிதியத்தைக் கேட்பது என்பதை ஆராய்தல் வேண்டும். ஒவ்வொரு நிதியத்துக்கும் தன் நோக்கம் உண்டு; பணிபுரியும் எல்லை உண்டு; கொடுக்கும் தொகைக்கு ஓர் அளவு உண்டு; விண்ணப்பம் ஏற்கும் காலம் உண்டு. கல்விக்கென அமைந்த நிதியத்திடம் மாடு வாங்கப் பணம் கேட்டுப் பயனில்லை. சிறுபோகத்துக்கு நீர் விடும் நாளை அறியாது விதைத்தவன் நிலையே, விண்ணப்பத் திகதியை அறியாது எழுதுவோர் நிலையும். ஆகவே, எழுதுமுன் நிதியத்தின் அறிவித்தல்களைப் படித்தல் வேண்டும். அது கடந்த ஆண்டுகளில் யார் யாருக்கு, எவ்வளவு, எதன்பொருட்டு வழங்கியது என்பதைப் பார்த்தல் வேண்டும். ஐயமிருப்பின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியோ தொலைபேசியிற் பேசியோ கேட்டல் வேண்டும். கேட்பது இழிவன்று, நிதிய அலுவலர்களும் பொருந்தாத விண்ணப்பத்தைப் படிப்பதைவிடப் பொருத்தமான வினாவுக்கு விடையளிப்பதையே விரும்புவர்.

மூன்றாவது படி, கருத்துக் குறிப்பு எனப்படும் முதற் கடிதம். பல நிதியங்கள் முழு விண்ணப்பத்தை உடனே கேட்பதில்லை. இரண்டு பக்கங்களுக்குள் அடங்கும் குறிப்பொன்றையே முதலிற் கேட்கும். அக்குறிப்பு ஐந்து செய்திகளைக் கூறுதல் வேண்டும். நாங்கள் யார், எமது ஊரில் உள்ள குறை யாது, அதனைத் தீர்க்க யாது செய்யக் கருதுகிறோம், எவ்வளவு காலமும் பொருளும் வேண்டும், முடிவில் எது மாறியிருக்கும். இவ்வைந்தையும் ஊரில் ஒருவருக்கு வாயாற் சொல்லி, அவருக்கு விளங்குகின்றதா என்று பார்த்து, பின்னர் எழுதுதல் நல்ல உபாயம். கேட்டவருக்கு விளங்காதது படிப்பவருக்கும் விளங்காது.

இனி, முழு விண்ணப்பம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். கந்தளாய்ப் பிரதேசத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழ்கின்றனர். ஒரே சந்தையிற் பொருள் வாங்குவர். ஒரே வைத்தியசாலையில் வரிசையில் நிற்பர். ஆயினும் பிள்ளைகள் வெவ்வேறு மொழிமூலப் பாடசாலைகளிற் படிப்பதனால், ஒருவர் மொழி மற்றவருக்கு எழுத்தளவிற்கூட வராமற் போவது உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டத்தின் ஏட்டில் அமைந்தது பிள்ளையின் நாவில் அமைய வேண்டுமாயின் யாரோ கற்பித்தல் வேண்டும். இதனை உணர்ந்த மாதர் சங்கமொன்று, அயற் கிராமங்கள் மூன்றிலுள்ள அறுபது பிள்ளைகளுக்கு மாலைநேர மொழிப் படிப்பகம் ஒன்றை நடத்தக் கருதுவதாக எண்ணிக்கொள்வோம்.

அச்சங்கம் 'எங்கள் பகுதி மிகவும் பின்தங்கியது. தயவு கூர்ந்து உதவுங்கள்' என்று எழுதினால், அது எல்லா ஊருக்கும் பொருந்தும் வாசகமாகிவிடும். மாறாக, 'மூன்று கிராமங்களிலும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அறுபதின்மரை வீடுவீடாகச் சென்று கண்டோம். மற்ற மொழியில் எழுதிய பேருந்துப் பெயர்ப்பலகையை இத்தனை பேரே வாசித்தனர். தம் பெயரை மற்ற மொழியில் எழுத இத்தனை பேருக்கே முடிந்தது' என்று எண்ணிக் காட்டினால், குறை கண்முன் நிற்கும். இவ்வெண்ணிக்கைக்குப் பேராசிரியர் வேண்டியதில்லை. இரண்டு பெண்கள், ஒரு கொப்பி, இரண்டு நாள் போதும். முடிவில் மாற்றத்தை அளப்பதற்கும் இதே எண்ணிக்கை அளவுகோலாகும். தொடக்கத்தில் அளவாதவர் இறுதியில் வளர்ச்சியைக் காட்ட இயலாது.

அடுத்துச் செயல் முறை. யார் கற்பிப்பர், எங்கே, கிழமையில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, பிள்ளைகள் இருட்டுமுன் எவ்வாறு வீடு திரும்புவர், யானை நடமாட்டமுள்ள காலத்தில் யாது செய்வர் என்பன எழுதப்படல் வேண்டும். இத்தகைய சிறு செய்திகளே, எழுதியவர் அவ்வூரில் வாழ்பவர் என்பதையும், பணியை மனத்தில் ஒருமுறை நடத்திப் பார்த்தவர் என்பதையும் நிதியத்தாருக்கு உணர்த்தும்.

பின்னர் வரவுசெலவுத் திட்டம். பலர் இடறும் படி இது. எடுத்துக்காட்டுக்காகச் சில தொகைகளை அமைத்துக்கொள்வோம். ஆசிரியர் இருவர், நாற்பது கிழமை, கிழமைக்கு மூன்று வகுப்பு; ஆக 120 வகுப்புகள். வகுப்புக்கு ஒருவருக்கு 1,500 ரூபாவாயின் 3,60,000 ரூபா. அறுபது பிள்ளைகளுக்குப் புத்தகமும் எழுதுகருவியும், ஒருவருக்கு 1,200 ரூபா வீதம், 72,000 ரூபா. மின்சாரம் பத்து மாதத்துக்கு 30,000 ரூபா. வாங்குகளும் கரும்பலகையும் திருத்தப் பொருள்கள் 40,000 ரூபா. பயணம், வங்கி, கணக்காய்வு ஆகியவற்றுக்கு 48,000 ரூபா. ஆகச் செலவாகும் காசு 5,50,000 ரூபா.

இதிலே ஊரவர் பங்கு யாது? ஒவ்வொரு பிள்ளையின் வீட்டாரும் மாதம் 50 ரூபா கொடுப்பின் பத்து மாதத்தில் 30,000 ரூபா சேரும். எனவே நிதியத்திடம் கேட்கும் தொகை 5,20,000 ரூபா. இதற்கு மேலும், சனசமூக நிலையம் மண்டபத்தை வாடகையின்றித் தரின், மாதம் 5,000 ரூபா பெறுமதியெனக் கொண்டு 50,000 ரூபா. சிரமதானமாக இருபது ஆள்நாள் வேலை நடப்பின், நாளொன்றுக்கு 2,500 ரூபா வீதம் 50,000 ரூபா. முழுப் பணியின் பெறுமதி 6,50,000 ரூபா. அதில் ஊரவர் பங்கு 1,30,000 ரூபா, அஃதாவது நூற்றுக்கு இருபது வீதம். வெறுங்கையோடு கேட்பவருக்கும், ஐந்தில் ஒரு பங்கைத் தாமே சுமந்து நின்று எஞ்சியதைக் கேட்பவருக்கும் எத்துணை வேறுபாடு! ஐம்பது ரூபாவைக் கொடுத்த தாய் மறுநாள் வகுப்பு நடந்ததா என்று விசாரிப்பாள். அவ்விசாரணை எந்தக் கணக்காய்வாளரின் விசாரணையிலும் உறுதியானது.

வரவுசெலவுத் திட்டத்தில் மூன்று குற்றங்கள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, குறைப்பார்கள் என்றெண்ணிக் கூட்டிக் கேட்டல். தொகையை வகுத்துப் பார்க்கும் நிதியத்தாருக்கு இது உடனே தெரிந்துவிடும். பின்னர் உண்மைத் தொகையையும் அவர்கள் நம்பார். இரண்டு, கொடுப்பார்கள் என்றெண்ணிக் குறைத்துக் கேட்டல். குறைத்துக் கேட்ட சங்கம் பாதி வழியிற் பணி முடங்கி, பெற்ற பெயரையும் இழக்கும். மூன்று, 'ஏனைய செலவுகள்' என ஒரு பெருந்தொகையை இறுதியில் எழுதுதல். ஏனையவை எவை என்று எழுதத் தெரியாத சங்கத்துக்கு அவற்றைச் செலவிடவும் தெரியாது என்றே கொள்வர்.

விண்ணப்பம் எழுதுவதற்குத் தரகரை நாடுவோரும் உளர். எழுத்தறிந்த ஆசிரியரோ, பல்கலைக்கழக மாணவரோ, ஓய்வுபெற்ற உத்தியோகத்தரோ உதவி புரிதல் வரவேற்கத்தக்கது. ஆனால் கிடைக்கும் பணத்திற் பத்து வீதம் தருக என்று கேட்பவரிடமிருந்து விலகி நிற்றல் வேண்டும். பிள்ளைக்கென வந்த பணத்தை வழியிலே கிள்ளியெடுத்தல் அறமன்று. நிதியங்களும் அதனை ஏற்கா. மேலும், சங்கத்தார் பேசாத சொற்களாலே பிறர் எழுதிய விண்ணப்பம், நிதியத்தார் நேரில் வந்து வினவும்போது சங்கத்தாரைக் கைவிட்டுவிடும்.

நேரில் வந்து பார்த்தல் பெரும்பாலான நிதியங்களின் வழக்கம். அவ்வருகையைப் பரீட்சை என்றெண்ணி அஞ்சுதலும், திருவிழா என்றெண்ணி மாலையும் விருந்துமாக ஆரவாரித்தலும் தேவையற்றவை. கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, தலைவரோடு சாதாரண உறுப்பினரையும் பேச விட்டு, இல்லாததை இல்லையென்றும் தெரியாததைத் தெரியாதென்றும் சொல்வதே தக்க வரவேற்பு. தலைவர் ஒருவரே எல்லா வினாவுக்கும் விடையளிக்கும் சங்கத்தில் தலைவரைத் தவிரச் சங்கம் உண்டா என்ற ஐயம் வருகையாளருக்கு எழுதல் இயல்பு.

மறுப்பு வருதலும் உண்டு. நூறு பேர் கேட்கும் இடத்திற் பத்துப் பேருக்கே கொடுக்க இயலும்போது, மறுக்கப்பட்டவர் யாவரும் தகுதியற்றவர் ஆகார். மறுப்புக் கடிதத்துக்கு நன்றி தெரிவித்து, குறை யாதென்று பணிவோடு வினவி, அதனைத் திருத்தி அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கும் சங்கம் நிதியத்தாரின் நினைவில் நிற்கும். ஊர்ப்பிரிவினையையோ அரசியற் செல்வாக்கையோ காரணங்காட்டி நிதியத்தைத் தூற்றும் சங்கமும் நினைவில் நிற்கும். ஆனால் வேறு வகையில்.

உதவி கிடைத்துவிட்டதாயின், பணி அப்பொழுதே தொடங்குகின்றது. ஒப்பந்தத்தைப் படித்துக் கையொப்பமிடல் வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழிலோ சிங்களத்திலோ விளக்கம் கேட்டல் உரிமை. ஓர் இனத்துக்கென வந்த பணத்தை மற்றோர் இனத்துக்குச் செலவிட நேரின், செலவிடுமுன் எழுதிக் கேட்டல் வேண்டும். செலவிட்ட பின் விளக்குதல் ஏற்கப்படாது. புத்தகத்துக்கென வந்த காசிலே கூரை வேய்ந்தவர் திருடரல்லர். ஆயினும் ஏட்டிலே அவர் திருடராகவே தோன்றுவர். அறிக்கை அனுப்பும் நாள் தவறலாகாது. வெற்றியை மட்டும் எழுதும் அறிக்கையைவிட, 'அறுபது பிள்ளைகளிற் பதினைவர் அறுவடைக் காலத்தில் வரவில்லை. ஆகவே வகுப்பு நேரத்தை மாற்றினோம்' என்று உள்ளதை உள்ளவாறு கூறும் அறிக்கையே நம்பிக்கையை வளர்க்கும். கணக்கு நிதியத்துக்கு மட்டும் உரியதன்று. அதன் பிரதியொன்றைச் சனசமூக நிலையச் சுவரில் யாவரும் காண ஒட்டிவைத்தல், ஊர்ப்பேச்சு என்னும் நோய்க்குக் கைகண்ட மருந்தாகும்.

ஓர் ஆண்டின் உதவி முடிந்ததும் படிப்பகம் மூடப்படுமாயின், பிள்ளைகள் முன்னையிலும் ஏமாற்றமடைவர். ஆகவே, தொடக்கத்திலேயே முடிவைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். இரண்டாம் ஆண்டில் முதலாண்டு மாணவருள் மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தல், வீட்டார் பங்கைச் சிறிது உயர்த்தல், ஊர் வணிகரிடம் மாதக் கொடை பெறுதல் எனப் பல வழிகள் உள. ஒரு நிதியத்தின் உதவி ஊன்றுகோலாகலாம், காலாகிவிடலாகாது.

இறுதியாக ஒன்று சிந்திக்கத்தக்கது. கந்தளாயைப் போன்ற பல மொழி, பல சமயம் வழங்கும் ஊரில், ஒரு சங்கம் தனித்துக் கேட்பதைவிட, மூன்று சமூகத்துச் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரே விண்ணப்பம் எழுதுதல் சிறப்பு. அவ்வாறு எழுத அமரும்போதே ஒருவர் குறையை மற்றவர் செவிமடுக்கின்றார். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கின்றார். நிதி கிடைத்தாலும் கிடையாவிட்டாலும், அம்மேசையைச் சுற்றி அமர்ந்தமை ஊருக்கு ஓர் ஆக்கமே. இரத்தல் இழிவென்று அறநூல்கள் கூறும். ஆனால், தனக்கென ஒன்றும் வேண்டாது, அயல்வீட்டுப் பிள்ளைக்காக, பங்கும் சுமந்து, கணக்கும் காட்டிக் கேட்பவர் இரப்போர் அல்லர். ஊர்ப்பொதுப் பொருளுக்கும் ஊர்ப்பொதுத் தேவைக்கும் இடையே நின்று பணிபுரிவோர் அவர். அப்பணியை முறையறிந்து செய்யும் சங்கங்கள் பெருகுமாயின், இன்று உதவி பெறும் ஊர்கள் நாளை உதவி வழங்கும் ஊர்களாகும்.